முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்களில், ஆயில் வழிந்தால் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சீல் போச்சு, மாத்திடுங்க." சீல் போயிருப்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் புதிய சீலைப் போட்டால் அதுவும் சீக்கிரமே அதே வழியில் போகும். முப்பது நாற்பது வருடம் ஓடிய வண்டியில் சீலைக் கெடுப்பது அதைத் தொட்டுக்கொண்டு ஏறி இறங்கும் பைப்பாக இருக்கலாம், தேய்ந்த புஷ்ஷாக (பைப் ஆடாமல் ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ளும் வளையம்) இருக்கலாம், கோணலாக இறுக்கிய ஆக்ஸிலாகவும் (சக்கரத்தின் அச்சு) இருக்கலாம். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள்: ஆயில் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது.

இந்த அமைப்பு சிக்கலானதல்ல. 1935-ல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் ஆயில் டாம்பிங் (ஆயிலால் குலுக்கலை அடக்குவது) உள்ள டெலஸ்கோபிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. அடிப்படை இன்றும் அதுவே. மேலே டி-ஸ்டெம்மில் (இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் தாங்கி) பிடித்திருக்கும் பைப், கீழே ஆக்ஸிலைத் தாங்கும் வெளிக்குழலான பாட்டம், பாட்டத்துக்குள் ஆயில், பாட்டத்தின் வாயில் சீல். சீலின் உதடு பைப்பைச் சுற்றி மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் குறையாமல் இருக்க உதட்டின் பின்னால் மெல்லிய சுருள் கம்பி வளையம் ஒன்று உண்டு. சீலுக்கு மேலே அதை நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப், அதற்கும் மேலே தூசியைத் தடுக்கும் ரப்பர் மூடி. ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன் ரோட்ஹோல்டர் போன்ற பழைய பிரிட்டிஷ் ஃபோர்க்குகள் பலவற்றில் சர்க்ளிப் கிடையாது. பாட்டத்தின் மேல் மரையில் ஏறும் ஒரு ஹோல்டருக்குள் சீல் உட்கார்ந்திருக்கும்.

எங்கிருந்து வருகிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் இழுக்கும். பாட்டம் முழுவதும் பிசுபிசுப்பாக இருக்கும் வண்டியை நின்று பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மேல் நட்டு முதல் ஆக்ஸில் வரை சுத்தமாகத் துடையுங்கள். தூசி மூடியை மேலே நகர்த்தி அதன் உள்பக்கத்தையும் துடையுங்கள்; பழைய ஆயில் அங்கேதான் தேங்கி நிற்கும். ஈரமில்லாமல் காய்ந்த பிறகு சீலின் வாய், பாட்டத்தின் அடி, ஆயிலை வடிக்கும் டிரெயின் ஸ்க்ரூ மூன்றிலும் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். வண்டியை நிறுத்தி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நன்றாகப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கிருந்துதான் கசிவு.

பைப்பில் மெல்லிய பளபளப்பு மட்டும் தெரிகிறது

இது கோளாறு அல்ல. உதடு உலர்ந்து தேயாமல் இருக்க பைப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு ஆயில் படலம் இருக்கத்தான் வேண்டும். டிஷ்யூ காகிதத்தால் துடைத்தால் லேசான கறை மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். பைப்பில் தடித்த விளிம்போடு ஒரு வளையம் நின்றாலோ, அந்த வளையத்திலிருந்து துளி இறங்கினாலோதான் அது கசிவு.

நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று திடீரென்று வழிகிறது

மண் சாலையில் ஓடிய மறுநாளும், காய்ந்த சேறு பைப்பில் ஒட்டியிருந்தபோது ஓட்டிய மறுநாளும் இப்படி வரும். உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், ஆயிலுக்கு வழி கிடைத்துவிடும். சீலை மாற்றுவதற்கு முன் அந்தத் துகளை எடுத்துப் பாருங்கள்.

தூசி மூடியை மேலே தள்ளி, சீலின் மேற்பரப்பைத் துணியால் துடைத்து, பழைய கேமரா ஃபிலிம் சுருளில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிலிம் இல்லையென்றால் அதே அளவுக்கு மெலிந்த, விறைப்பான பிளாஸ்டிக் தாள் போதும். ஒரு முனையின் ஓரத்தில் சின்னக் கொக்கி போல வெட்டி, ஆயிலில் நனைத்து, பைப்பை ஒட்டியே உதட்டுக்குள் இறக்குங்கள். சுற்றிலும் மெல்ல நகர்த்தி, கொக்கி மேல்நோக்கி வரும்படி இழுத்தால் கறுப்பாக ஒரு பசை ஒட்டிக்கொண்டு வரும். துடைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள், பசை வருவது நிற்கும்வரை. ஸ்க்ரூடிரைவர், பிளேடு, ஃபீலர் கேஜ் எதுவும் அந்த இடத்துக்குப் போகவே கூடாது. உதடு வெட்டுப்பட்டால் பிறகு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இதில் கசிவு நின்றால் சீல் நன்றாகத்தான் இருந்தது என்று அர்த்தம். ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் கீழே தொடர்ந்து படியுங்கள்.

நெடுநாள் நின்ற வண்டி, எடுத்து ஓட்டியதும் கசிகிறது

இரண்டு காரணங்கள் சேர்ந்தே இருக்கும். ஒன்று, ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்வாங்காமல் பிளாஸ்டிக் போல நிற்கும் சீல் இனி பைப்பைத் தழுவாது. இன்னொன்று, நின்ற காலத்தில் சீலுக்குச் சற்று மேலே, ஈரம் தங்கிய இடத்தில் பைப்பில் துரு பிடித்திருக்கும். ரப்பர் பூட்ஸ் (பைப்பை மூடும் மடிப்பு உறை) போட்ட ஃபோர்க்கில் இது அதிகம். பூட்ஸ் கல்லடியிலிருந்து பைப்பைக் காப்பாற்றும், ஆனால் காற்றுத் துளை அடைபட்டால் உள்ளே நுழைந்த தண்ணீர் காயாமல் நிற்கும். பூட்ஸைக் கழற்றிப் பார்க்காமல் "பைப் புதுசு மாதிரி இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ரப்பரை உப்பவைத்துக் கசிவை நிறுத்தும் திரவங்கள் கிடைக்கின்றன. ஊர் போய்ச் சேரவேண்டிய அவசரத்துக்கு ஒருமுறை உதவலாம். இறுகிய ரப்பரை அது பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. உப்பிய உதடு மெத்தென்று ஆகிச் சீக்கிரம் தேயும். நான் போடமாட்டேன்.

புது சீல் போட்டும் கசிகிறது

பலரைச் சலிப்படைய வைப்பது இதுதான். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும்.

முதல் சந்தேகம் பைப் மேல்தான். முதலில் சீல் உண்மையில் பைப்பின் எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். பூட்ஸ் இல்லாத ஃபோர்க் என்றால், பைப்பைச் சுற்றி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையைக் கட்டி, தூசி மூடியை ஒட்டி இறக்கிவிட்டு, வழக்கமான சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்து ஓட்டிவிட்டு வாருங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ அதுவரைதான் வேலை செய்யும் பகுதி. அதற்கு மேலே இருக்கும் துரு பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கசிவுக்குக் காரணம் ஆகாது. அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஊசிமுனை அளவுக் குழிகூடக் காரணமாகும்.

கண்ணை நம்பாதீர்கள். பைப்பைத் துடைத்துவிட்டு ஒரு சிட்டிகை பஞ்சை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மேலிருந்து கீழாக மெல்ல இழுங்கள். குரோம் நன்றாக இருந்தால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பு எழும்பிய இடத்தில் ஒரு இழை மாட்டி நிற்கும். அந்த இழை நிற்கும் புள்ளியைப் பேனாவால் குறித்து, நகத்தை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். கல் அடித்த குழிகள் பெரும்பாலும் பைப்பின் முன்பக்கத்தில்தான் இருக்கும். குழி பின்னால் போகும்படி பைப்பைத் திருப்பி மாட்டச் சொல்பவர்கள் உண்டு. உதடு சுற்றிலும் தொடுவதால் அது தீர்வாகாது.

எழும்பிய விளிம்பு மட்டும் என்றால் ஆயில் தடவிய நயமான சாணைக்கல்லால் அந்த இடத்தை மட்டும் சமன் செய்யலாம். சின்னக் குழி ஒன்றிரண்டு என்றால், துருவைச் சுரண்டி எடுத்து, ஆயில் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, இரண்டு கலவை எபாக்ஸியால் நிரப்பி, முழுதாக இறுகிய பிறகு 1000, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பைப்பைச் சுற்றி, குறுக்காகத் தேய்க்கவேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஆயில் ஏறி வர ஒரு வாய்க்காலாகும். இந்த ஒட்டு கவனமாகச் செய்தால் பல காலம் நிற்கும். குரோம் உரிந்து தகடாக வருகிறது, குழிகள் கூட்டமாக இருக்கின்றன என்றால் எபாக்ஸி வேண்டாம். பைப்பைப் புதிதாக வாங்குங்கள். கிடைக்காத மாடல் என்றால் ஹார்டு குரோம் ஏற்றி, சரியான அளவுக்குக் கிரைண்டிங் செய்துகொள்ளுங்கள். பம்பருக்கும் சைலன்சருக்கும் ஏற்றும் அலங்கார குரோம் வேறு, இது வேறு. வேலை கொடுக்கும்போதே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பைப் நன்றாக இருந்தால் அடுத்தது சீலையே பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு சீலின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். 35, 48, 11 என்று இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். வெர்னியரால் பைப்பையும் பாட்டத்தின் வாயையும் அளந்து ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் ஒரே மாடலுக்குள்ளேயே நடுவில் ஃபோர்க் மாறியிருக்கும். முந்தைய உரிமையாளர் வேறு வண்டியின் ஃபோர்க்கை மாட்டியிருக்கவும் கூடும். பிரிட்டிஷ் வண்டி என்றால் அங்குல அளவு. நெருங்கிய மில்லிமீட்டர் சீல் உள்ளே போய்விடும், ஆனால் பிடிக்காது.

பிறகு மாட்டிய விதம். சுருள் கம்பி தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து, அதாவது கீழ்நோக்கி, இருக்கவேண்டும். தலைகீழாகப் போட்ட சீல் அன்றைக்கே வழியும். மாட்டும்போது அந்தக் கம்பி வளையம் தன் பள்ளத்திலிருந்து நழுவியிருந்தாலும் அப்படித்தான். ஒரு ஓரம் மேலேயும் மறு ஓரம் கீழேயுமாகக் கோணலாக உட்கார்ந்திருந்தால் ஓட ஓடக் கசிவு கூடும்.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. ஆயில் பைப்பை ஒட்டி வராமல், சீலின் வெளிச்சுற்றுக்கும் பாட்டத்துக்கும் நடுவே வரும். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தபோது பாட்டத்தின் உட்சுவரில் விழுந்த கீறல்தான் அதற்கு வழி. பவுடர் சோதனையில் இது தெளிவாகப் பிடிபடும்: பைப்பைச் சுற்றி வெள்ளையாகவே இருக்கும், வெளி விளிம்பு கறுக்கும். கீறலின் எழும்பிய விளிம்பை நயமான காகிதத்தால் நீக்கி, சீலின் வெளிச்சுற்றில் ஆயில் தாங்கும் சீலண்ட்டை மிக மெல்லியதாகத் தடவி மாட்டினால் நிற்கும். மரை ஏறும் ஹோல்டர் உள்ள ஃபோர்க்கில் இதேபோல மரை வழியாகவும் ஆயில் வரும். அங்கேயும் மரையைச் சுத்தம் செய்து அதே சீலண்ட்தான். உதட்டில் மட்டும் சீலண்ட் படவே கூடாது.

ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்பக் கசிகிறது

இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஒரே சீல் போட்டு, ஒன்று மட்டும் போகிறது என்றால் பைப் வளைந்திருக்கலாம். முன்பக்கம் எங்கேயாவது மோதிய வண்டியில் வளைவு பெரும்பாலும் கீழ் டி-ஸ்டெம்முக்குச் சற்றுக் கீழே இருக்கும். பைப்பைக் கழற்றித் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டினால் நன்றாக வளைந்தது துள்ளிக் காட்டிக்கொடுக்கும். சரியாக அளக்க வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் பாருங்கள். முள் காட்டும் மொத்த அசைவில் பாதிதான் உண்மையான வளைவு. பல ஜப்பானிய வண்டிகளின் சர்வீஸ் கையேடுகள் 0.2 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. லேசான வளைவைப் பிரஸ்ஸில் வைத்து, சூடாக்காமல் நிமிர்த்தலாம். பைப் மடங்கி மடிப்பு விழுந்திருந்தாலோ குரோம் வெடித்திருந்தாலோ நிமிர்த்தி மாட்டாதீர்கள். அது முன்சக்கரத்தைத் தாங்கும் பைப்.

பைப் நேராக இருந்தால் ஆக்ஸிலைப் பாருங்கள். சக்கரத்தை மாட்டும்போது பாட்டங்களில் ஒன்றை உள்ளேயோ வெளியேயோ தள்ளி இறுக்கியிருந்தால் இரண்டு கால்களும் இணையாக நிற்காது. ஒரு பைப் எப்போதும் ஒரே பக்கமாக உதட்டை அழுத்திக்கொண்டிருக்கும். கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை ஆழமாக அழுத்தி விட்டு, அது தானாகத் தேடிக்கொள்ளும் இடத்தில் இறுக்குங்கள்.

ஓடும்போதும் பிரேக்கிலும் மட்டும் வருகிறது, நின்றால் வருவதில்லை

ஆயில் அதிகமாக இருக்கலாம். ஃபோர்க் அமுங்கும்போது உள்ளே மேலே இருக்கும் காற்றும் அமுங்கும். ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறி உதட்டைத் தள்ளும். இதற்கு வழக்கமான காரணம் ஒன்று இருக்கிறது: கையேட்டில் பல நேரம் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று டிரெயின் ஸ்க்ரூவில் வடித்துவிட்டு ஊற்றுவதற்கு, மற்றது முழுதாகப் பிரித்துக் கழுவி ஊற்றுவதற்கு. வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கும் என்பதால் முதல் அளவு குறைவு. மாற்றி ஊற்றினால் கூடிப்போகும். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த காற்றடிக்கும் ஃபோர்க் உள்ள வண்டி என்றால், சொன்னதைவிட அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளவு சரியென்றால் புஷ். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, இரண்டு பாட்டங்களின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் விரலைத் தூசி மூடிக்கும் பைப்புக்கும் சேர்த்து வைத்திருக்கட்டும். ஆட்டம் அங்கே தெரிந்தால் புஷ் தேய்ந்தது; டி-ஸ்டெம்மே ஆடினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தின் பேரிங். புஷ் தேய்ந்த ஃபோர்க்கில் பைப் உள்ளே சாய்ந்து சாய்ந்து ஓடும். எந்த நல்ல சீலும் அதைத் தொடர்ந்து தழுவ முடியாது.

அடியில் சொட்டுகிறது, அல்லது மேல் நட்டு ஈரம்

அடியில் இரண்டே இடங்கள்: டிரெயின் ஸ்க்ரூவின் வாஷர், டாம்பர் ராடை (உள்ளே ஆயிலைக் கட்டுப்படுத்தும் தண்டு) பிடிக்கும் ஆலன் போல்ட்டின் செப்பு வாஷர். இரண்டையும் புதிதாகப் போடுங்கள். இறுக்கம் கூட்டிப் பார்க்காதீர்கள், அலுமினிய மரை கையோடு வந்துவிடும். மேல் நட்டில் ஈரம் என்றால் அதன் ஓ-ரிங்.

ஆயில் பிரேக்கில் பட்டிருக்கிறது

வண்டியை ஓட்டாதீர்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்யலாம். ஆயில் குடித்த பேடையும் பிரேக் ஷூவையும் எரித்தோ பெட்ரோலில் ஊறவைத்தோ மீட்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். முன் பிரேக்கில் பாதிப் பிடிப்பை நம்பி யாரும் சாலையில் இறங்கக்கூடாது.

பிரித்து மாற்றும்போது

பைப்பை டி-ஸ்டெம்மிலிருந்து இறக்குவதற்கு முன்பே மேல் கிளாம்பைத் தளர்த்தி, மேல் நட்டை ஒரு சுற்று இளக்கிவிடுங்கள். வெளியே எடுத்த பிறகு பைப்பைப் பிடித்துக்கொண்டு இளக்குவது பெரும்பாடு. முழுதாகக் கழற்றும்போது முகத்தை விலக்கி, நட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள், கீழே ஸ்பிரிங் அமுங்கிக் காத்திருக்கும். அடி ஆலன் போல்ட்டை மட்டும் ஸ்பிரிங்கை எடுப்பதற்கு முன்னால் இளக்குங்கள். ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்போது டாம்பர் ராட் சேர்ந்து சுழலாது.

பழைய சீல் வர மறுத்தால் பாட்டத்தின் வாயைத் துணியால் சுற்றிக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், சீலின் இரும்பு உடல் பிடியை விடும். நெருப்பு காட்டவேண்டாம். நெம்பும்போது கருவியின் அடியில் மரத்துண்டு அல்லது மடித்த துணி இருக்கட்டும். ஹோல்டர் வகைக்கு அதற்கான ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். உளியும் சுத்தியலும் வைத்தால் ஹோல்டர் வட்டம் இழந்துவிடும்.

புதிய சீலின் உதட்டில் ஃபோர்க் ஆயிலைத் தடவி, பைப்பின் மேல் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதன் மேல் வழுக்கி இறக்குங்கள். பைப்பின் முனையும் பள்ளங்களும் உதட்டைக் கிழிக்காது. பிறகு பழைய சீலை அதன் மேல் வைத்து, அந்த விட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும்வரை சத்தம் மந்தமாக இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். சர்க்ளிப் பள்ளம் சுற்றிலும் முழுதாகத் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் மறைந்திருந்தாலும் இன்னும் தட்டவேண்டும்.

ஆயில் கையேடு சொன்னதுதான். பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு எஸ்ஏஇ 20 எஞ்சின் ஆயிலையும், எழுபதுகளின் ஹோண்டா மாடல்கள் பலவற்றுக்கு ஏடிஎஃப்பையும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கையேடே சொல்லும். இன்று "10 டபிள்யூ" என்று விற்கும் இரண்டு பிராண்டுகள் ஒரே கெட்டியாக இருக்கவேண்டும் என்பதில்லை. 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டியை அளக்கும் அலகு) என்று பார்த்து வாங்குவது மேல். ஊற்றியதும் பைப்பை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். கையேட்டில் மட்டம் கொடுத்திருந்தால் ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, பைப்பின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேலால் அளங்கள். கையேட்டின் அளவைவிட இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

எல்லாம் மாட்டியபின் முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் பைப்பைத் துடைத்து, மறுநாள் காலை, வண்டி ஆறிய பிறகு பாருங்கள். மாட்டும்போது தடவிய ஆயில் முதல் நாள் கொஞ்சம் மேலே வரும், துடைத்துவிட்டு விடுங்கள். இரண்டாம் மூன்றாம் ஓட்டத்திலும் வளையம் நின்றால் மறுபடி பவுடரை எடுங்கள். கிளாம்ப் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் அப்போதே ஒருமுறை சரிபாருங்கள்.